நல்லா ஓடுற டீசல் வண்டிக்கு ஃப்யூல் ஃபில்டர் மாத்தணுமா, பிக்கப் விழுந்தப்புறம் பாத்துக்கலாமா?

கரூர்_விடிஐ

வணக்கம் மக்களே, ஒரு சின்ன டவுட்டு. 2014 ஸ்விஃப்ட் விடிஐ, செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது, மீட்டர் 1,18,000 கிமீ காட்டுது (அத நம்பலாமாங்கிறது தனி பஞ்சாயத்து). சர்வீஸ் புக் கிடையாது, பழைய ஓனருக்கு போன் போட்டா "எல்லாம் கரெக்டா பண்ணிருக்கேன் தம்பி, தைரியமா ஓட்டு"ன்னு அதோட வச்சுட்டாரு. வண்டியில ஒரு குறையும் இல்லீங்க, காலையில ஒரே கிராங்க்ல எந்திரிக்குது, ஹைவேல மைலேஜ் 20க்கு கீழ இறங்கல, புகையும் இல்ல.

இப்ப ஆயில் சர்வீசுக்கு விட்டேன், அங்க எஸ்டிமேட்ல ஃப்யூல் ஃபில்டரையும் சேத்து எழுதிட்டாங்க. ஏங்க, என்ன கம்ப்ளைன்ட்டுன்னு கேட்டா கம்ப்ளைன்ட் ஒண்ணும் இல்ல சார், முன்னெச்சரிக்கைக்குத்தான்னு சொல்றாங்க. எங்க ஏரியா மெக்கானிக் அண்ணன் நேர் எதிரா, "ஓடுறத ஏன் நோண்டுறீங்க, மேட்டுல இழுக்கலைன்னா அப்ப மாத்திக்கலாம்"ங்கறாரு. அடுத்த மாசம் வீட்டாளுங்களோட வால்பாறை போறோம், ஆழியார் தாண்டுனா 40 கொண்டை ஊசி, அதுல அஞ்சு பேர் லக்கேஜோட ஏறணும். காசு பெரிய விஷயம் இல்ல, ஆனா தேவையில்லாம ஒரு பார்ட்ட கழட்டி அதுவே வம்பாயிடக்கூடாது. யார் பேச்ச கேக்குறது?

நோண்டாதே_நைனா

உங்க மெக்கானிக் சொல்றதுதான் சரி. எஸ்டிமேட்ல ஃபில்டர், கோலன்ட், இன்ஜின் டிரெஸ்ஸிங், ஏசி டிஸ்இன்ஃபெக்ஷன்னு வரிசையா வரும், நம்ம ஒவ்வொண்ணா அடிச்சுட்டு கையெழுத்து போடணும், அதான் சர்வீஸ் சென்டர் போற மொறையே. ஃப்யூல் ஃபில்டர் அடைச்சா வண்டி சொல்லும்பா, டக்குனு ஒண்ணும் ஆயிடாது. மொதல்ல 80க்கு மேல முக்கும், அப்புறம் மேட்டுல திணறும், அப்ப மாத்துனா போதும்.

இன்னொண்ணு, எங்க தெருவுலயே ஒரு டீசல் வண்டி, நல்லா இருந்தத ஃபில்டர் மாத்துறேன்னு கழட்டி ஏர் லாக் ஆயி (டீசல் லைன்ல காத்து புகுந்து), செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரி படுத்து, கடைசியில டோ பண்ணிட்டு போனாங்க. அது மட்டுமா, மார்க்கெட்ல பாதிக்கு பாதி டூப்ளிகேட், டப்பாவ பாத்தா ஒரிஜினல் மாதிரியே இருக்கும், உள்ள என்ன பேப்பர்னு அந்த கடவுளுக்குத்தான் வெளிச்சம். தெரிஞ்ச பழைய ஃபில்டர் தெரியாத புது ஃபில்டர விட மேல்.

பதிமூணாம்நம்பர்_ஸ்பானர்

கோயமுத்தூர்ல கேரேஜ் வச்சிருக்கேனுங்க, டீசல்தான் அதிகம் பாக்குறது. நைனா சொன்னதுல ரெண்டு விஷயம் உண்மை, ஏர் லாக்கும் டூப்ளிகேட்டும். ஆனா "வண்டி சொல்லும், அப்ப மாத்திக்கலாம்"ங்கறது அம்பாசிடர் டீசல், பழைய மஹிந்திரா ஜீப் காலத்து பேச்சு. அந்த இன்ஜின்ல இன்ஜெக்டர் (டீசல இன்ஜினுக்குள்ள பீச்சுற பார்ட்) தொறக்குற பிரஷரே நூத்து சொச்சம் பார்தான் (பார்ங்கறது பிரஷர் அளவு), கொஞ்சம் தூசி போனாலும் தண்ணி போனாலும் முனகிட்டே ஓடும், நாசில டெஸ்ட் பெஞ்சுல போட்டு சரி பண்ணிக்கலாம். உங்க வண்டியில இருக்கிறது ஃபியட்டோட 1.3 மல்டிஜெட், காமன் ரயில் (நாலு இன்ஜெக்டருக்கும் ஒரே பொது பைப்புல ஹை பிரஷர் டீசல் போற டைப், அந்த பைப்புதான் ரயில்), பிரஷர் 1400, 1600 பார் வரைக்கும் போகுது. அந்த பிரஷர்ல பம்புக்குள்ளயும் இன்ஜெக்டருக்குள்ளயும் இருக்கிற இடைவெளி ரெண்டு மூணு மைக்ரான்தான். நம்ம தலைமுடி தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் வரும்னா யோசிச்சுக்குங்க. கண்ணுக்கே தெரியாத துகள் போதும், உள்ள கீறி விட்டுடும்.

இதுல முக்கியமான விஷயம் அடைப்பு இல்லீங்க, தண்ணி. எல்லாரும் ஃபில்டர்னா குப்பை புடிக்கிற சல்லடைன்னு மட்டும் நெனைக்கிறாங்க. டீசல் ஃபில்டருக்கு ரெண்டாவது வேலை தண்ணிய பிரிச்சு கீழ தேக்கி வைக்கிறது. டீசல விட தண்ணி கனம்ங்கறதால அடியில போய் உக்காரும். டேங்க் பாதி காலியா இருக்கும்போது உள்ள இருக்கிற காத்துல உள்ள ஈரம் ராத்திரி குளிர்ல தண்ணியா மாறும், பெட்ரோல் பங்குல தரைக்கு கீழ இருக்கிற டேங்க்ல மழை சமயத்துல கசிவு இருந்தா அதுவும் வரும். ஃபில்டர் கீழ் பாகம் ரொம்பி வழிஞ்சா தண்ணி நேரா ஹை பிரஷர் பம்புக்கு போகும். அந்த பம்புக்கு தனியா ஆயில் கெடையாது, டீசல்தான் அதுக்கு லூப்ரிகேஷன், தண்ணிக்கு அந்த வழுவழுப்பு இல்ல, உலோகம் உலோகத்தோட உரசும். உரசுன பொடி எங்க போகும்? ரயிலுக்கு, நாலு இன்ஜெக்டருக்கும். பம்பு கெட்டா பம்பு மட்டும் மாத்தி தீராது, லைன், ரயில், இன்ஜெக்டர் எல்லாத்தையும் பாக்கணும். வண்டி "சொல்ற" நேரத்துல சில சமயம் இந்த கட்டத்துக்கே வந்திருக்கும்.

அடைப்புலயும் இதே கதைதான். ஃபில்டர் அடைச்சா டீசல் சுத்தமாத்தான் வரும், ஆனா கம்மியா வரும். பம்பு பட்டினி கெடந்து ஓடும், அதுக்கும் தேய்மானம் உண்டு.

சர்வீஸ் ஹிஸ்டரி தெரியாத வண்டின்னா என் கணக்கு சிம்பிள்ங்க: இன்ஜின் ஆயில், ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மூணையும் புதுசா போட்டு அங்கிருந்து கணக்கு ஆரம்பிக்கணும். ஒரு காமன் ரயில் இன்ஜெக்டர் விலையில எத்தன ஃபில்டர் வரும்னு கடையில கேட்டு பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க.

கரூர்_விடிஐ

ஸ்பானர் அண்ணா ரொம்ப நன்றி. தண்ணி மேட்டர் எனக்கு தெரியவே தெரியாது. சரி, மாத்துறதுக்கு முன்னாடி, உள்ள இருக்கிறது நல்லா இருக்கா கெட்டு போச்சான்னு பாக்க ஏதாவது வழி இருக்கா? டேஷ்போர்டுல வார்னிங் லைட் ஒண்ணும் எரியல. தண்ணி இருந்தா லைட் வரும்னு சொல்றாங்களே?

நைட்டுடிரைவர்_திருச்சி

பதினஞ்சு வருசமா டாக்சி ஓட்டுறேன் தம்பி, டீசல்தான். லைட்ட நம்பி உக்காராதீங்க. அந்த சென்சார் தண்ணி ஒரு மட்டத்துக்கு வந்தாத்தான் லைட்ட போடும், அதுவும் சென்சார் வேலை செஞ்சா. சாவி போட்டதும் மத்த லைட்டோட சேந்து அந்த தண்ணி லைட்டும் ஒரு செகண்ட் எரிஞ்சு அணையுதான்னு பாருங்க, எரியவே இல்லன்னா அது வண்டிக்கு வண்டி வித்தியாசமாவும் இருக்கலாம், பல்பு, சென்சார் போயிருக்கவும் வாய்ப்பு இருக்கு. கழட்டி மாட்டும்போது சென்சார் வயர மாட்ட மறந்துட்டு போற ஆளுங்களும் உண்டு.

சும்மா பாக்கணும்னா தண்ணிய வடிச்சு பாருங்க, காசே ஆகாது. ஃபில்டர் அடியில ஒரு டிரெயின் ஸ்க்ரூ இருக்கும், ராத்திரி பூரா வண்டி அசையாம நின்ன பிறகு காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு கண்ணாடி பாட்டில வச்சு லேசா லூஸ் பண்ணுங்க. ஒரு டம்ளர் புடிச்சு பத்து நிமிசம் அப்படியே வையுங்க. தண்ணி இருந்தா அடியில தனியா பிரிஞ்சு நிக்கும், கோடு போட்ட மாதிரி தெரியும். பழுப்பா கொழகொழன்னு வந்தா அது வேற, ரொம்ப நாள் நின்ன வண்டியில தண்ணியும் டீசலும் சேர்ற எடத்துல பூஞ்சை மாதிரி புடிக்கும், அப்ப டேங்கையும் பாக்கணும்.

பங்கு விஷயம் ஒண்ணு சொல்றேன். டேங்கர் லாரி நின்னு எறக்கிட்டு இருந்தா அந்த பங்குல நான் போட மாட்டேன், கீழ படிஞ்சது கலங்கும். அடமழை அடிச்ச மறுநாள் தெரியாத ஊர்ல முழு டேங்க் போடறதும் இல்ல. சந்தேகம்னா டென்சிட்டி காட்டுங்கன்னு கேளுங்க, காட்டணும், பெட்ரோல்னா ஃபில்டர் பேப்பர் டெஸ்ட்டும் கேக்கலாம், நம்ம உரிமை. கூச்சப்படாதீங்க, நம்ம காசு.

அடையார்_ஆல்டோ

திரெட்ட ஹைஜாக் பண்றேன்னு திட்டாதீங்க, இதே கேள்விதான் ஆனா பெட்ரோல் வண்டிக்கு. என்னோடது 2016 மாடல் சின்ன வண்டி, 52,000 கிமீ. இப்ப எல்லா பங்குலயும் இ20 (20% எத்தனால் கலந்த பெட்ரோல்) தான வருது, 2023க்கு முன்னாடி வந்த வண்டிக்கு அது செட் ஆகாது, எத்தனால் டேங்க்ல இருக்கிற அழுக்கெல்லாம் கரைச்சு ஃபில்டர்ல கொண்டு போய் அடைக்கும், அதனால வருசா வருசம் ஃபில்டர் மாத்தணும்னு ஒரு வாட்சப் ஃபார்வர்ட் சுத்துது. மேனுவல்ல தேடி பாத்தேன், ஃப்யூல் ஃபில்டர் மாத்துற கிமீ எங்கயும் போடல. பயமா இருக்கு, சிரிக்காதீங்க.

பதிமூணாம்நம்பர்_ஸ்பானர்

சிரிக்க என்ன இருக்குங்க, நல்ல கேள்விதான். ஆனா பதில் டீசலுக்கு நேர் எதிர்.

பழைய மாருதி 800 கார்புரேட்டர் வண்டியில பானட்ட தொறந்தா ஒரு சின்ன பிளாஸ்டிக் ஃபில்டர் ஹோஸ் நடுவுல தொங்கும், உள்ள அழுக்கு கண்ணுக்கே தெரியும், ரெண்டு கிளிப்ப கழட்டி அஞ்சு நிமிசத்துல மாத்தலாம். அத வருசா வருசம் மாத்துனாலும் ஒண்ணும் குடி முழுகாது. அப்புறம் வந்த இன்ஜெக்ஷன் வண்டியில சிலதுக்கு வண்டிக்கு அடியில இரும்பு டப்பா மாதிரி ஃபில்டர். இப்ப வர்ற பெரும்பாலான பெட்ரோல் வண்டியில ஃபில்டர் டேங்க்குக்கு உள்ளயே, பம்போட ஒரே அசெம்ப்ளியா இருக்கு. மேனுவல்ல கிமீ இல்லைன்னா அதுக்கு அர்த்தம் கம்பெனி மறந்துட்டாங்கன்னு இல்ல, ரெகுலரா மாத்துற ஐட்டமா அத வைக்கவே இல்ல. அத மாத்தணும்னா பின் சீட்ட தூக்கி (சில வண்டியில டேங்கையே எறக்கி) பம்ப் மாட்யூல வெளிய எடுக்கணும், சீல் புதுசு போடணும், சரியா உக்காரலைன்னா கேபின் பூரா பெட்ரோல் வாசம். ஒரு அறிகுறியும் இல்லாம அத தொறக்கறதுதான் நைனா சொல்ற நோண்டல். அந்த இடத்துல நைனா பக்கம் நான்.

இ20 பத்தி: எத்தனாலுக்கு ஈரத்த இழுக்குற குணம் உண்டு, பழைய படிவத்த கரைக்கிற குணமும் உண்டு, அது ரெண்டும் நெசம். 2023 ஏப்ரலுக்கு முன்னாடி வந்த நெறைய வண்டி இ10க்குன்னு டிசைன் பண்ணுனது, அதனால ரப்பர் ஹோஸ், ஓ ரிங் வெடிப்பு விடுதா, கசிவு வாசம் வருதான்னு சர்வீசுக்கு சர்வீஸ் பாக்கச் சொல்லுங்க. மைலேஜ் கொஞ்சம் குறையும், எத்தனால்ல சக்தி கம்மிங்கறதால, அதுக்கும் ஃபில்டருக்கும் சம்பந்தம் இல்ல. வண்டிய மாசக்கணக்குல நிறுத்தி வைக்காதீங்க, அதான் உண்மையான எதிரி. ஃபில்டர்ல சந்தேகம் வந்தா, அதாவது ஆக்சிலரேட்டர் மிதிச்சா வெட்டுது, செல்ஃப் நீளமா அடிக்க வேண்டியிருக்குன்னா, மொதல்ல ஃப்யூல் பிரஷர் கேஜ் போட்டு பாக்கச் சொல்லுங்க. உங்க மாதிரி வண்டிக்கு மூணு பார் பக்கத்துல நிக்கணும், கரெக்டான அளவு சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். பிரஷர் சரியா இருந்தா ஃபில்டர் குற்றவாளி இல்ல.

நோண்டாதே_நைனா

பாத்தீங்களா, ஸ்பானரே நம்ம பக்கம் வந்துட்டாரு. சரி சரி, டீசலுக்கு அந்த தண்ணி பாயின்ட்ட ஒத்துக்கறேன், அத நான் யோசிக்கல. ஆனா கரூர் தம்பிக்கு ஒண்ணு: மேட்டுல இழுக்கலைன்னா உடனே ஃபில்டர்தான்னு முடிவு கட்டாதீங்க. டர்போ ஹோஸ் விரிசல் விட்டாலும் அதே கதைதான், இஜிஆர் (புகையில கொஞ்சத்த திரும்ப இன்ஜினுக்கு விடுற வால்வு) கரி புடிச்சாலும் அதேதான். ஃபில்டர மாத்திட்டு "இன்னும் இழுக்கல"ன்னு வந்து நிப்பாங்க.

பதிமூணாம்நம்பர்_ஸ்பானர்

கரெக்ட். அதுக்குத்தான் ஸ்கேனர். ஓபிடி சாக்கெட்ல (வண்டி கம்ப்யூட்டர படிக்கிற இடம்) அத போட்டு ஓட்டும்போது கம்ப்யூட்டர் ரயில் பிரஷர் எவ்வளவு கேக்குது, எவ்வளவு கெடைக்குதுன்னு ரெண்டையும் பக்கத்துல வச்சு பாக்கணும். மேட்டுல ஃபுல்லா மிதிக்கும்போது கேக்கறது ஒசந்துட்டே போயி கெடைக்கறது பின்னாடி தங்கிச்சுன்னா ஃபில்டர், பம்பு பக்கம் போகணும், பி0087 எரர் கோடும் அதத்தான் சொல்லும். ரெண்டும் ஒட்டியே ஓடுனா டீசல் பக்கம் பிரச்சனை இல்ல, காத்து பக்கம் தேடுங்க.

கரூர்_விடிஐ

அப்டேட் மக்களே. காலையில டிரைவர் அண்ணன் சொன்ன மாதிரியே வடிச்சு பாத்தேன், ஜாம் பாட்டில்ல புடிச்சேன், வீட்டுல திட்டு விழுந்தது தனி. தண்ணி இல்லீங்க, சுத்தமான டீசல்தான், அடியில கொஞ்சூண்டு கருப்பு பொடி மாதிரி, அவ்ளோதான். அப்பாடான்னு மாத்த வேணாம்னு முடிவுக்கு வந்துட்டேன். அப்புறம் டார்ச் அடிச்சு ஃபில்டர் மேல இருந்த அழுக்க தொடச்சு பாத்தா தயாரிச்ச தேதி போட்டிருக்கு, 2018! அப்ப அவ்வளவு வருசமா கூட அதேதான் உள்ள இருக்கலாம். மேனுவல்ல இருக்கிற கிமீ கணக்கு எப்பவோ தாண்டியிருக்கலாம். அதனால மாத்தறதுன்னு முடிவு. சர்வீஸ் சென்டர்லயா, வெளியவா? ஏர் லாக் பயம் மட்டும் போக மாட்டேங்குது.

நைட்டுடிரைவர்_திருச்சி

தண்ணி வரலைன்னு ஃபில்டர் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல தம்பி, பழைய காகிதம் ஊறி ஊறி தண்ணிய பிரிக்கிற சக்திய விட்டிருந்தா அது கீழ தேங்காம அந்த பக்கம் போயிட்டே இருக்கும். நல்ல வேளை தேதிய பாத்தீங்க.

பதிமூணாம்நம்பர்_ஸ்பானர்

எங்க வேணா மாத்துங்க, ஆனா பக்கத்துல நின்னு பாருங்க. வால்பாறை கெளம்புற முந்தின நாள் மட்டும் வேணாம், குறைஞ்சது ஒரு வாரம் முன்னாடி மாத்தி லோக்கல்ல ஓட்டுங்க, எங்கயாவது கசிவு, காத்து இழுப்பு இருந்தா வீட்டு வாசல்ல தெரியட்டும், பதினெட்டாவது வளைவுல தெரிய வேணாம்.

வாங்கும்போது கம்பெனி ஜென்யூன், இல்லைன்னா பாஷ், மாலே, பியூரோலேட்டர் மாதிரி நல்ல பிராண்டு, உங்க வண்டியோட சேசிஸ் நம்பர் சொல்லி பார்ட் நம்பர ஒத்து பாத்து, பில்லோட. பில் தர மாட்டேன்னா அந்த கடையே வேணாம். மெட்ராஸ்ல ஜிபி ரோட்டுல ஒரே சந்துல ஒரிஜினலும் கெடைக்கும் டூப்ளிகேட்டும் கெடைக்கும், விலை ரொம்ப இறங்கி வந்தா கைய எடுத்துடுங்க.

மாத்தும்போது கவனிக்க வேண்டியது: கழட்டறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கிற மண்ண காத்தடிச்சு, துணியால தொடச்சு எடுக்கணும், இல்லைன்னா அந்த மண்ணே லைனுக்குள்ள விழும், அப்புறம் புது ஃபில்டர் போட்டு என்ன பிரயோஜனம். வெளிய வர்ற பக்கத்து பைப் வாய மூடி வைக்கணும். அடியில தண்ணி சென்சார் இருந்தா பழசுல இருந்து கழட்டி புதுசுக்கு மாத்துவாங்க, அதோட ஓ ரிங் புதுசு போடச் சொல்லுங்க, லேசா டீசல் தடவி. அப்புறம் நெறைய பேர் பண்ற வேலை, சீக்கிரம் ஸ்டார்ட் ஆகட்டும்னு கேன்ல இருந்து டீசல புது ஃபில்டருக்குள்ள ஊத்தறது. பழைய லாரிக்கு ஓகே, காமன் ரயிலுக்கு வேணாம், ஊத்தற டீசல் வடிகட்டாதது, தப்பான வாய் வழியா ஊத்துனா நேரா பம்புக்கு போகும். கை பம்பு இருக்கிற வண்டின்னா அது கல்லு மாதிரி இறுகுற வரைக்கும் அமுக்கணும். டேங்க்குள்ள எலக்ட்ரிக் பம்பு இருக்கிற வண்டின்னா சாவிய ஆன்ல வச்சு, ஆஃப் பண்ணி, திரும்ப ஆன், இப்படி சில தடவ பண்ணுனா லைன் தானா ரொம்பும். அப்புறம்தான் செல்ஃப். ஸ்டார்ட் ஆகலைன்னா திரும்ப ப்ரைம் (லைன்ல டீசல் ரொப்பறது) பண்ணணுமே தவிர செல்ஃப புடிச்சு வச்சு அடிக்கக்கூடாது, நைனா தெரு வண்டிக்கு ஆனது அதாத்தான் இருக்கும்.

இன்ஜின் ஓடும்போது ரயில் பக்கம் இருக்கிற இரும்பு பைப் நட்ட யாராவது லூஸ் பண்ணி "காத்து எடுக்கறேன்"னு வந்தா தடுத்துடுங்க. பழைய இன்ஜின்ல அப்படி பண்ணுவோம், இதுல நூத்துக்கணக்கான பார்ல பீச்சி அடிக்கிற டீசல் தோல கிழிச்சு உள்ள போயிடும், சின்ன புள்ளியா தெரியும், விரலயே எடுக்க வேண்டி வந்த கேஸ் எல்லாம் உண்டு.

பழைய ஃபில்டர வாங்கிக்குங்க. கார்ட்ரிஜ் டைப்னா (உள்ள காகிதம் மட்டும் மாத்தறது) அப்படியே தெரியும், மூடுன டப்பான்னா டின் ஸ்னிப்ல வெட்டச் சொல்லி மடிப்ப விரிச்சு பாருங்க. கருப்பா இருந்தா சாதாரணம். துரு கலர் இருந்தா எங்கயோ தண்ணி வந்திருக்கு. வெயில்ல காட்டும்போது மினுமினுன்னு உலோகப் பொடி இருந்தா போட்டோ எடுத்து இங்க போடுங்க, அப்ப வால்பாறைய தள்ளி வச்சுட்டு பேசலாம்.

அடையார்_ஆல்டோ

நான் ஃபார்வர்ட டெலீட் பண்ணிட்டேன், ஹோஸ் மட்டும் பாக்கச் சொல்லிருக்கேன் 👍

கரூர்_விடிஐ

சனிக்கிழமை மாத்தறேன் அண்ணா, பக்கத்துலயே நிக்கறேன். ஒரே ஒரு கேள்வி, அந்த ஜாம் பாட்டில் டீசல என்ன பண்றது, திரும்ப டேங்க்லயே ஊத்திடலாமா?

பதிமூணாம்நம்பர்_ஸ்பானர்

அய்யய்யோ வேணாம். சாக்கடையிலயும் ஊத்தாதீங்க. சனிக்கிழமை மாத்தப் போகும்போது எடுத்துட்டு போய் அந்த கேரேஜ்ல கொடுங்க, வேஸ்ட் ஆயில் டிரம்ல சேத்துடுவாங்க.